ஏழாம் இயந்திரத்தின் தட்டு

1990 ஆகஸ்ட் 14: ஏழாம் இயந்திரம். தட்டு மாற்றம். எடை எழுதப்படவில்லை.
1990 செப்டம்பர் 3: சுமை 23.06 கிலோ. சூடு 950 டிகிரி.
1991 மே 20: 6,216 மணி. நீட்சி 30 மைக்ரான்.
1992 பிப்ரவரி 10: கம்பிகள் 6. ஆயுள் 12 ஆண்டு.
1995 ஜூன் 6: அட்டையில் 2.100 கிலோ. தராசில் 1.400 கிலோ.

இந்த ஐந்து வரிகளில் நாலாவதைத் தவிர மற்ற நான்கும் ஒரே கையெழுத்தில் இருந்தவை. எழுதியவளை அந்தச் சோதனைக் கூடத்தில் எல்லாரும் மைக்ரான் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்கியதில்லை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் மைக்ரான். இருபத்தேழு வருஷமாக அதை எண்ணி எழுதுவதே அவள் வேலை.

கூடத்தில் பதினான்கு இயந்திரங்கள் நின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் குழாய் மாதிரி ஓர் உலை. உலைக்குள் சுண்டுவிரலை விட மெல்லிய ஒரு உலோகத் துண்டு. அதன் ஒரு முனை அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கும். மறுமுனையை ஒரு நெம்புகோல் இழுக்கும். நெம்புகோலின் நீண்ட கையில் ஒரு தட்டு தொங்கும். தட்டில் எடைக்கல் வைப்பார்கள். கீழே ஒரு கிலோ வைத்தால் உள்ளே பத்துக் கிலோ இழுக்கும். சூட்டில் சுமை தாங்கி நிற்கும் உலோகம் சும்மா இருக்காது. கண்ணுக்குத் தெரியாமல், நாளுக்கு இத்தனை என்று நீண்டுகொண்டே போகும். அது எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று தெரிந்தால், அதே உலோகம் ஒரு தொழிற்சாலை அடுப்புக்குள் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லிவிடலாம். சொல்லித்தான் அந்தக் கூடம் பிழைத்தது.

காலை எட்டு, நண்பகல், மாலை நாலு என்று தினம் மூன்று முறை அவள் பதினான்கு முள்களையும் பார்ப்பாள். கதவைச் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்து உட்காருவாள். யாராவது தடதடவென்று நடந்தால் முள் நடுங்கும். நடந்தவரை அவள் பார்க்கும் பார்வையில் அவரும் நடுங்குவார். நீல மையில் எழுதுவாள். தப்பு வந்தால் அழிப்பது கிடையாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பாள்.

அந்த ஜூன் மாதம் கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். ஒவ்வொரு இயந்திரத்தின் தூணிலும் ஓர் அட்டை கட்டியிருக்கும். அந்த இயந்திரத்துத் தட்டின் எடை அதில் எழுதியிருக்கும். எவ்வளவு எடைக்கல் வைக்க வேண்டும் என்று கணக்குப் போடும்போது, அட்டையைப் பார்த்துத் தட்டின் எடையைக் கழித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அட்டைகள் பழுப்பேறிப் போயிருந்தன. புதிதாக எழுதத் தொடங்கியவள், பழைய எண்களைப் பார்த்து அப்படியே எழுதாமல், எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு தட்டையும் கழற்றித் தராசில் வைத்தாள். முதல் ஆறும் கிராம் பிசகாமல் வந்தன.

ஏழாவது 1.400 காட்டியது. அட்டையில் 2.100.

தராசைத் துணியால் துடைத்தாள். மறுபடி வைத்தாள். தராசை வேறு மேசைக்கு மாற்றி மூன்றாம் தடவையும் வைத்தாள். அதே 1.400. அலமாரியிலிருந்து ஐந்து வருஷத்து நோட்டுகளை இறக்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். 1990 ஆகஸ்ட் 14 அன்று, அவள் கையெழுத்திலேயே: "கொக்கியில் விரிசல். தட்டு மாற்றப்பட்டது." எடை எழுதவில்லை. தட்டு மாறியது, தூணோடு கட்டியிருந்த அட்டை மாறவில்லை.

பழுதுபார்க்கும் பிட்டர் அண்ணன் அப்போது ஏணிமேல் நின்று விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் போய்க் கேட்டாள்.

"அண்ணே, ஏழுக்கு எந்தத் தட்டைப் போட்டீங்க, ஞாபகம் இருக்கா? கொக்கி விட்டுச்சே, அப்போ."

"ஸ்டோர்ல ஒரு பழைய தட்டு கிடந்துச்சு, அதைப் போட்டேன். ஏன், அது ஓடிப்போச்சா?"

"எழுநூறு கிராம் கம்மி."

"எழுநூறா?" என்று அவர் சிரித்தார். "ஒரு நல்ல பூட்டோட எடைகூட இல்ல. இருபத்துமூணு கிலோவில அது எந்த மூலைக்கு, தங்கச்சி? முன்னாடி எல்லாம் தட்டை மாத்தி மாத்தித்தானே போட்டோம். உன் கண்ணுக்குத்தான் எல்லாம் மலையாத் தெரியும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாதாரண எஃகில் சுமை நூற்றுக்கு மூன்று குறைந்தால் நீளும் வேகம் ஏழில் ஒரு பங்கு குறையும். அந்த அளவு வித்தியாசம் ஒரே வார்ப்பின் இரண்டு துண்டுகளுக்குள்ளேயே வந்துவிடும். ஆகையால் அந்தக் கூடத்தில் தட்டை யாரும் பொருட்படுத்தியதில்லை. ஆனால் 1990 செப்டம்பரில் ஏழாம் இயந்திரத்தில் மாட்டியது சாதாரண எஃகு அல்ல.

அவள் நோட்டைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மூடி அலமாரியில் வைத்துவிட்டு, புது அட்டையில் 1.400 என்று எழுதிக் கட்டிவிட்டால், உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. அந்த நினைப்பு வந்ததே அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவள் எழுந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. அந்த உலோகத்தில் செய்த ஆறு கம்பிகள் மூன்று மணி நேரப் பேருந்துப் பயண தூரத்தில், ஒரு தொழிற்சாலையின் மூன்றாம் அடுப்புக்குள், ஒன்றே முக்கால் டன் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. அடுப்புக்கு அடியில், குழாய்க்கு நேர் கீழே, ஒரு நடைபாதை. அதில் ஷிப்டுக்கு ஒன்பது பேர் போய்வந்தார்கள். பகல் ஷிப்டின் மேஸ்திரி அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

உலோக விஞ்ஞானியைக் கூடத்தில் டாக்டர் என்பார்கள். அவளைவிடப் பத்து வயது சின்னவர். யாருக்கும் ஒரு ஊசிகூடப் போட்டதில்லை என்று பிட்டர் அண்ணன் கேலி செய்வார். அவள் நோட்டை அவர் மேசைமேல் விரித்து, விரலை அந்த வரிமேல் வைத்தாள்.

"மூணு சதவீதம்தானே. விடுங்க" என்றார் டாக்டர், நிமிராமலே.

"எந்தத் துண்டுன்னு பாருங்க சார்."

அவர் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு கால்குலேட்டரை எடுத்தார். பொத்தான்களை அழுத்திவிட்டு, விடையைப் பார்த்து, அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார். அவரும் மூன்று முறை செய்தார்.

"நாம வச்சதா நினைச்ச சுமையில இது நீண்டிருக்க வேண்டிய வேகம், நீங்க எழுதினதைப் போல மூணரை மடங்கு" என்றார் கடைசியில்.

"எழுநூறு கிராமுக்கா சார்?"

"இந்த உலோகம் அப்படி."

அவர் ஒரு தாளில் புள்ளிகளை வரிசை வரிசையாக வைத்தார். உலோகத்துக்குள் அணுக்கள் இப்படித்தான் நிற்கின்றன. எங்கோ ஒரு வரிசை பாதியிலேயே நின்றுபோயிருக்கும். அது நின்ற விளிம்பு உள்ளே ஒரு கோடாக ஓடும். புத்தகத்தில் அதற்கு இடப்பெயர்வு என்று பெயர். சுமை இழுக்கும்போது உலோகம் முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்குவதில்லை. அந்தக் கோடு மட்டும் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு என்று நகர்ந்து போகிறது. லட்சக்கணக்கில் கோடுகள் நகர்ந்தால் கம்பி ஒரு மைக்ரான் நீளும். அவற்றை மறிக்கத்தான் இந்த உலோகத்தில் அடுப்புச் சூட்டிலும் உருகாத ஆக்சைடுத் துகளைப் பொடிப்பொடியாகக் கலந்திருக்கிறார்கள்.

"குளிர்ல இருந்தா கோடு துகள்ல முட்டிக்கிட்டு நிக்கும். சூட்டுல அணு எல்லாம் இடம் மாறி மாறித் தாவுது இல்லையா, அதனால கோடு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறித் துகளைத் தாண்டிடும்."

"தாண்டிட்டா அப்புறம் போக வேண்டியதுதானே?"

"அங்கதான் விஷயம். ஏறுறது பெரிய கஷ்டமில்ல. தாண்டின பிறகு துகளோட முதுகுப் பக்கம் போய் ஒட்டிக்கும். சட்டைக் கை ஆணியில மாட்டினது மாதிரி. அந்தப் பிடியை விடுவிக்க ஒரு அளவு இழுவை வேணும். அதுக்குக் கொஞ்சம் கீழ இருந்தா, வருஷக்கணக்கா அப்படியே தொங்கும். நாமளும் அடடா என்ன பலம்னு எழுதிக்குவோம். அந்த அளவை எட்டினா…" அவர் பென்சிலை மேசைமேல் விட்டார். "ஒவ்வொரு கோடா விடுபட ஆரம்பிச்சுடும். நாம எழுநூறு கிராம் குறைச்சு வச்சு, ஆணியில மாட்டின நிலையைத்தான் அளந்திருக்கோம்."

"அடுப்புல இருக்கிற கம்பிக்கு?"

"அதுக்கு முழுச் சுமை. பன்னெண்டு வருஷம்னு எழுதிக் கொடுத்தோம். மூணரை வருஷம்."

அவள் மனத்துக்குள் கூட்டினாள். கம்பிகளை அடுப்பில் மாட்டியது 1992 பிப்ரவரி 10. மூன்றரை வருஷம் என்றால் 1995 ஆகஸ்ட் 10. இன்னும் அறுபத்தைந்து நாள்.

"முன்கூட்டியே வளைஞ்சு, தொங்கி, ஏதாவது காட்டுமா சார்?"

"எஃகுன்னா நல்லா இழுபட்டுக் காட்டிட்டு அறும். இது நூத்துக்கு ஒண்ணு நீளும், அவ்வளவுதான். சொல்லிட்டு உடையாது."

ஜூன் 8 அன்று தொழிற்சாலைக்கு முதல் கடிதம் போயிற்று. அதே நாள் ஏழாம் இயந்திரத்தில் அதே வார்ப்பிலிருந்து புதுத் துண்டை மாட்டினார்கள். தட்டை அவளே நிறுத்து, எடைக்கல்லை ஒவ்வொன்றாக நிறுத்து, மொத்தம் 23.06 வந்த பிறகுதான் சுமையை இறக்கினாள். பழைய வேகம் சரி என்றால் ஒன்பது நாளுக்கு ஒரு மைக்ரான் நீள வேண்டும். டாக்டரின் கணக்கு சரி என்றால் இரண்டரை நாளுக்கு ஒன்று. ஆனால் எந்தத் துண்டும் முதல் இரண்டு வாரம் தாறுமாறாக நீண்டு, பிறகுதான் ஒரு நிதானத்துக்கு வரும். அதுவரை அந்த எண்ணை நம்ப முடியாது.

இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முள்ளைப் பார்க்க வேண்டாத நேரத்திலும் போய்ப் பார்த்தாள். பத்து மணிக்குப் போனாள். இரண்டு மணிக்குப் போனாள். முள் அசைந்திருந்தால் எத்தனை நாளுக்கு என்று விரல்விட்டு எண்ணினாள். அசையாமலிருந்தால், பார்த்தது சரிதானா என்று மறுபடி குனிந்தாள். வீட்டில் உப்பை இரண்டு தடவை போட்டாள். ஒரு நாள் போடவே இல்லை. கணவர் தட்டைப் பார்த்து, "இன்னைக்கு எந்த இயந்திரம் சமைச்சது?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிட்டு எழுந்தார்.

தொழிற்சாலையின் பதில் ஜூன் 23 வெள்ளிக்கிழமை வந்தது. டாக்டர் அதைப் படித்ததும் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"பயப்பட ஒண்ணுமில்லைம்மா. அவங்களே மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளந்துட்டுத்தான் இருக்காங்க. மூணு வருஷத்துல ரெண்டே மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கு. நம்ம கணக்குப்படி ஏழரை இறங்கியிருக்கணும். இதுல பாருங்க, பதிமூணு படிவத்தோட நகலும் வச்சிருக்காங்க."

அவள் நகல்களை வாங்கிப் பார்த்தாள். 1992 மே, 2. ஆகஸ்ட், 2. நவம்பர், 2. அப்படியே 1995 மே வரை பதிமூன்று இரண்டுகள். ஒவ்வொன்றின் கீழும் மேஸ்திரியின் ஒப்பம். அந்த இரண்டின் வாலை நீட்டிச் சுழிக்கும் பழக்கம் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்த வாலுக்காக அவன் வாங்கிய குட்டுகளும் தெரியும்.

பதிமூன்று தடவை ஒரே எண். வேலையே செய்யாமல் சும்மா தொங்கும் துண்டை அளந்தால்கூட அப்படி வராது. ஒரு நாள் அரை கூடும், ஒரு நாள் அரை குறையும். கை நடுங்கும், கண் ஏமாற்றும், சுவர் சூடேறும். அளந்தவன் எழுதிய எண்கள் அல்ல அவை.

டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் தம்பியின் வேலை போகும். சொல்லாவிட்டால் குழாய் அவன் தலைமேல் இருக்கிறது. "சோதனையை நிறுத்திடலாமா?" என்று டாக்டர் கேட்டபோது, "ஓடட்டும் சார். இன்னும் ஒரு பத்து நாள்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்திலேயே கிளம்பிவிட்டாள். தம்பி வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம? எங்க வீட்டுச் சுவர் எத்தனை மைக்ரான் சாஞ்சிருக்குன்னு பார்க்க வந்தியா?"

"உள்ள வா. பேசணும்."

"இவ மூஞ்சியைப் பார்த்தா யாரோ செத்த மாதிரி இருக்கு" என்று உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னான். "டீ போடு. ஸ்பூன்ல அளந்து போடு, இல்லன்னா திருப்பி அனுப்பிடுவா."

"நீங்க சும்மா இருங்க" என்று அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "உட்காருங்க அண்ணி. ராத்திரி தூங்கவே இல்ல போல."

மைக்ரான் அக்கா நகல்களை மேசையில் பரப்பினாள். அவன் பார்த்தான். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அளந்தியா?"

"முதல் தடவை அளந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னத்த அளக்கிறது? அந்தப் பார்வைத் துளையில ரெண்டு நிமிஷம் முகத்தை வச்சுப் பாரு தெரியும். புருவம் பொசுங்கிடும். பன்னெண்டு வருஷத்துக்கு அசையாதுன்னு எழுதி ஒப்பம் போட்டது யாரு? உங்க கூடம்தானே? அளவு எடுத்தது யாரு? எங்க அக்கா. ஒரு மைக்ரானை விடமாட்டா. அவ சொன்னா அது சொன்னதுதான்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரிஞ்சவன் நான். மூணு மாசத்துல அசையாத ஒண்ணை எதுக்கு மெனக்கெட்டுப் பார்க்கணும்?"

"என் கணக்கை நம்பி நீ பார்க்கலை. இப்போ நீ எழுதினதை நம்பி எங்க டாக்டர் நிம்மதியா இருக்காரு. என் கணக்கு தப்புடா."

அவள் தட்டைப் பற்றிச் சொன்னாள். எழுநூறு கிராம், மூன்றரை மடங்கு, ஆகஸ்ட் 10. அவன் முதலில் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"நீயா? தட்டை நிறுக்காம விட்டியா?"

"விட்டுட்டேன்."

"இதுக்கு நான் அடிச்ச ரெண்டே பரவாயில்லை போலிருக்கே."

"பரவாயில்லை இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்."

அவன் மனைவி டீயை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். யாரும் எடுக்கவில்லை.

"சரி, அளந்து பார்த்தா எவ்வளவு இருக்கும்னு சொல்றே?"

"ஏழுக்கு மேல."

"மே மாசம் ரெண்டு. ஜூன்ல ஏழு. இடையில குழாய் என்ன குதிச்சு இறங்கிச்சான்னு மேனேஜர் கேப்பான். அதுக்கு நான் என்ன சொல்லணும்?"

"உண்மையைச் சொல்லணும்."

"சொன்னா சீட்டைக் கிழிச்சுடுவான். உனக்கு என்ன, உங்க கூடத்துல ஒரு கோடு போட்டு அடிச்சுப் பக்கத்துல ஒப்பம் வச்சாப் போதும்."

பதில் சொன்னவள் அவன் மனைவி.

"போய் அளந்துட்டு வாங்க" என்றாள். குரல் உயரவில்லை. "சீட்டு கிழிஞ்சா தைச்சுக்கலாம்."

புதன்கிழமைதோறும் அடுப்பைத் துப்புரவு செய்யச் சூட்டைக் கொஞ்சம் இறக்குவார்கள். அப்போது அளந்துவிட்டு, அன்றைக்கு மாலை நாலு மணிக்குக் கூடத்துக்குப் போன் செய்வதாகச் சொன்னான்.

புதன்கிழமை, ஜூன் 28, நாலு மணி அளவை அவள் ஏழு நிமிஷம் முன்னதாகவே எடுத்து முடித்துவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தாள். மணி அடிக்கவில்லை. வியாழனும் அடிக்கவில்லை. இதற்குள் ஏழாம் இயந்திரத்தின் முள் நிதானத்துக்கு வந்துவிட்டிருந்தது. இரண்டரை நாளுக்கு ஒரு மைக்ரான். மூன்று முறை பார்த்தாள், வேறு யாரையாவது பார்க்கச் சொல்லலாமா என்று யோசித்தாள். கடைசியில் பிட்டர் அண்ணனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் குனிந்து பார்த்து, தாளில் இருந்த பழைய எண்ணையும் பார்த்து, ஒரு கேலியும் பேசாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் போன் வந்தது.

"நான்தான். சத்தமாப் பேச முடியாது. பக்கத்துல ஆளிருக்கு."

"அளந்தியா?"

"ரெண்டு கம்பி ஏழு. ஒண்ணு ஏழரை. மிச்சம் மூணும் ஆறுக்கு மேல."

அவள் எழுதிக்கொண்டாள். பேனா தாளைக் கிழித்தது.

"ஆளுங்க?"

"கீழ யாரையும் விடல. புதன்கிழமையே நடைபாதைக்குச் சங்கிலி போட்டுட்டேன். எண்ணெய் கொட்டியிருக்கு, வழுக்கும்னு சொல்லியிருக்கேன்."

"எண்ணெய் எங்க கொட்டிச்சு?"

"நானே கொட்டிட்டேன். பின்ன, பொய் சொல்ல முடியுமா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"நீ?"

"நான் போய்த்தானே ஆகணும். எரிவாயு வால்வு அந்தப் பக்கம்தான் இருக்கு. ஷிப்டுக்கு நாலு தடவை."

"படிவத்துல எழுதினியா?"

இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"திங்கக்கிழமை எழுதுறேன்க்கா" என்றான். லைன் அறுந்தது. அவன்தான் வைத்தானா, தானாக அறுந்ததா என்று தெரியவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் அந்த நாலு தடவையை எண்ணிக்கொண்டிருந்தாள். ஷிப்டுக்கு நாலு, வெள்ளி, சனி இரண்டு நாளைக்கு எட்டு. திங்கள் காலை எட்டு மணி அளவை எடுத்ததும் நேராக டாக்டரிடம் போனாள்.

"சார், அவங்க அனுப்பின பதிமூணு எண்ணுல பன்னெண்டு பொய். முதல் ஒண்ணைத் தவிர யாரும் அளக்கலை. உண்மையான அளவு இதோ இருக்கு."

டாக்டர் துண்டுத் தாளைப் படித்தார். "இது யார் சொன்னது?"

"பதிமூணு படிவத்துலயும் ஒப்பம் போட்டவர்."

"மேஸ்திரியா? அவரை எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"என் தம்பி சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதைக் கடிதத்துல எழுதினா அவருக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? அவன் இன்னைக்கு எழுதுறேன்னான். எழுதலாம், எழுதாமலும் போகலாம். நாம அதுக்குக் காத்துட்டு இருக்க முடியாது. அதோட, தட்டு என் தப்புன்னும் எழுதுங்க. தேதி போட்டு."

அன்று, ஜூலை 3, இரண்டாம் கடிதம் போயிற்று. ஏழாம் இயந்திரத்தின் இருபத்தைந்து நாள் அளவுகள், ஆறு கம்பிகளின் உண்மையான இறக்கம், அடுப்பை உடனே அணைக்க வேண்டும் என்ற ஒரு வரி. டாக்டர் தொழிற்சாலைக்குப் போனும் செய்தார். மேனேஜர் வெளியூர் போயிருப்பதாகவும், வந்ததும் சொல்வதாகவும் யாரோ ஒருவர் சொன்னார்.

பிறகு ஒன்றும் வரவில்லை.

புதன்கிழமை அவள் தொழிற்சாலைக்குப் போன் செய்தாள். மூன்றாம் அடுப்புக்கு இணைப்புக் கொடுத்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. தம்பியின் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தாள். அங்கும் எடுக்கவில்லை, பக்கத்து வீட்டார் ஊரில் இல்லை போலிருக்கிறது. மறுநாளும் அடுப்புப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. எடுக்காததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அடுப்பை அணைத்து ஆட்களை வெளியேற்றியிருக்கலாம். இன்னொன்றை அவள் நினைக்காமலிருக்கப் பார்த்தாள். அவளுடைய நோட்டில் அந்த வாரத்து அளவுகள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன, கையெழுத்து மட்டும் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. ஜூலை 9 ஞாயிறு பேருந்து நிலையம் வரை போனாள். எந்தப் பேருந்தும் ஓடவில்லை, வேலைநிறுத்தம். அடுத்த வாரம் முழுவதும் ஓடவில்லை. தபாலும் அதனால் தேங்கியது.

ஏழாம் இயந்திரத்தில் புதுத் துண்டு ஜூலை 14 அன்று காலை எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் அறுந்தது. பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்தபோது தட்டு தரையில் கிடந்தது, எடைக்கற்கள் சிதறிக் கிடந்தன. எட்டு மணிக்குப் பார்த்தபோது முள் ஒரு முன்னறிவிப்பும் காட்டவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்தத் துண்டில் ஏதோ ஒரு வார்ப்புக் குறை இருந்திருக்கலாம், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். ஒரு துண்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதுதான். அவள் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு எடைக்கல்லாகப் பொறுக்கித் துடைத்து அடுக்கினாள். பிட்டர் அண்ணன் வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"ஒண்ணும் ஆகியிருக்காது தங்கச்சி" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"கெட்ட சேதி தபாலுக்குக் காத்துட்டு இருக்காது."

அதை நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்கு அளவு எதுவும் இல்லை.

தொழிற்சாலையிலிருந்து வந்த கடைசிக் கடிதம் ஒரு பக்கம்தான். பேருந்துகள் ஓடத் தொடங்கிய மறுநாள் வந்தது. டாக்டர் அதைத் தான் படிக்காமல், பிரிக்காமலே அவளிடம் நீட்டினார்.

மூன்றாம் அடுப்பு ஜூலை 3 அன்று பகல் பதினொன்று இருபதுக்கு அணைக்கப்பட்டது. அணைத்தது பகல் ஷிப்டு மேஸ்திரி. மேலதிகாரிகளின் அனுமதி கேட்கவில்லை. அன்று காலையே கம்பிகளின் உண்மையான இறக்கத்தையும், முந்திய பன்னிரண்டு அளவுகள் அளக்காமல் எழுதப்பட்டவை என்பதையும் படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டு மேனேஜர் மேசைமேல் வைத்திருக்கிறார். அடுப்பு ஆற ஐந்து நாள் ஆனது. ஆட்கள் அனைவரும் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தனர். கம்பிகளைக் கழற்றிச் சாயம் தடவிப் பார்த்ததில், ஆறில் நான்கில் குறுக்கு விரிசல் இருந்தது. ஐந்தாம் கம்பி, சுமையை இறக்குவதற்காகக் குழாயைச் சங்கிலியில் தூக்கியபோதே இரண்டாக அறுந்தது. யாருக்கும் காயமில்லை. மேஸ்திரி அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டுக் கிடங்கில் சாமான் எண்ணும் வேலைக்கு மாற்றப்பட்டிருக்கிறார். புதிய கம்பிகளுக்கான சுமைக் கணக்கைக் கூடம் திருத்தி அனுப்பவும்.

அவள் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தாள். பிறகு உட்கார்ந்து, வந்த கடிதங்களின் பதிவேட்டைத் திறந்து, வரிசை எண் போட்டு, நீல மையில் எழுதினாள்: 1995 ஜூலை 18, செவ்வாய்.